கண்மாய்க்கு வரும் முசாபிர்கள்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்தால்தான் இங்கே உழவு உண்டு. அந்த மழையை நம்பி வாழ்வோர் நாம் மட்டுமல்லர். சைபீரியாவின் சதுப்பு நிலங்களிலிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து தென்னகம் வரும் ஊசிவால் வாத்தும் அதனை நம்பியே வருகின்றது.

ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள பறவை இது. ஆணுக்குக் கரும்பழுப்புத் தலை, வெண்கழுத்து, ஊசி போன்று நீண்ட வால். பெட்டையோ மண்ணின் நிறம். பகலில் பெரும்பாலும் நீர்நடுவே ஓய்ந்திருந்து, அந்தி சாய்ந்ததும் இரை தேடும். தலையை நீருக்குள் அமிழ்த்தி, வாலை வானோக்கி நிமிர்த்தி, அடிச்சேற்றில் கிடக்கும் விதைகளை மேயும். கழுத்து நீண்டதாகலின், பிற வாத்துகள் பலவற்றுக்கு எட்டாத ஆழமும் இதற்கு எட்டும். படைத்தவனின் ஏற்பாடு அத்தகையது!

வடபுலத்தில் பனி உருகியதும், பெட்டை தரையில் சிறு குழி அமைத்து, தன் மார்பின் மென்தூவியையே பிடுங்கி மெத்தையாக விரித்து, 7 முதல் 9 முட்டைகள் இடும். சுமார் 23 நாள்கள் அது மட்டுமே அடைகாக்கும். குஞ்சுகள் ஒன்றரை மாதத்தில் பறக்கும். பின்னர் ஏரிகள் உறைந்து இரை மறையுமுன் தெற்கு நோக்கிப் புறப்படும்.

திருச்சுழிக்குத் தென்கிழக்கே, முதுகுளத்தூர்ப் பக்கமுள்ள சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 1989-இல் பறவைகள் சரணாலயங்களாயின. 2022-இல் அவை உலகளாவிய ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றன. ஆயினும் பறவைக்குச் சரணாலய எல்லை தெரியாது. நீருள்ள கண்மாய் எதுவோ, அதுவே அதற்குச் சத்திரம்.

காட்டு வாத்துகளை வலைவைத்துப் பிடித்து மறைவாக விற்போர் உண்டு. “வாத்து ஹலால்தானே?” எனச் சிலர் வினவலாம். ஹலாலான உணவாயினும், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்வேட்டையைத் தடுக்கிறது. தடுத்ததைக் கள்ளத்தனமாக வாங்குதல் நமக்கு அழகன்று. மார்கழியில் இங்கே ஒரு பெட்டை சட்டியில் வெந்தால், அடுத்த கோடையில் வடக்கே ஒரு கூடு வெறுமையாகும்.

சீமைக்கருவேலம் மூடிய கண்மாயில் உழவனுக்கும் நீரில்லை, வாத்துக்கும் இடமில்லை. கண்மாயைத் தூர்வாரிக் காப்பது இருவருக்கும் செய்யும் நன்மை. தாய்மார்களே, விலைக்கு வரும் காட்டு வாத்தை வேண்டாமென மறுத்துவிடுங்கள். பிள்ளைகளைக் கண்மாய்க் கரைக்கு அழைத்துச் சென்று, கல்லெறியாமல் நின்று பார்க்கக் கற்றுக்கொடுங்கள்.