அலமாரிக்குள் ஒரு தூர்தர்ஷன்

பழைய டிவி நிகழ்ச்சி எல்லாம் இப்போது போனிலேயே வருகிறதே, இன்னும் எதற்கு இந்தக் கேசட்டும் டிஸ்க்கும் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பி ஒன்று கேட்பேன். 1989-ல் ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை தூர்தர்ஷனில் வந்த ‘ஒலியும் ஒளியும்’ பாட்டு நிகழ்ச்சி, அன்றைக்கு வந்த அதே வரிசையில், நடுவில் வந்த விளம்பரத்தோடு, எந்த ஆப்பில் இருக்கிறது? அதில் வந்த பாட்டுகள் இருக்கும். தனித்தனியாகத் தேடினால் ஒவ்வொன்றும் கிடைக்கும். தெருவே வீட்டுக்குள் போய் அடங்கிய அந்த அரை மணி நேரம் கிடைக்காது.

நான் அம்பத்தூர் ஓ.டி.யில் வீடியோ லைப்ரரி வைத்திருந்தவன். முதலில் கேசட் வாடகை, அப்புறம் விசிடி, டிவிடி. கடையை மூடி வெகுகாலம் ஆகிறது. இப்போது திருமுல்லைவாயலில் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, மற்றவர்களின் பழைய கேசட்டுகளை கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கிறேன். வருவதில் பாதிக்கு மேல் கல்யாண கேசட், காதுகுத்து கேசட். ஆனால் கொண்டுவரும் பையின் அடியில், ‘இதையும் பாருங்க’ என்று சொல்லிக்கூடக் கொடுக்காமல், டிவியிலிருந்து எடுத்த கேசட் ஒன்றிரண்டு கிடக்கும். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றித்தான்.

எங்கள் பக்கத்தில் டிவியிலிருந்து பதிவு செய்யும் பழக்கம் பரவியதற்குக் காரணம் வசதி அல்ல, ஷிஃப்ட். ஆவடி டாங்க் ஃபாக்டரி, அம்பத்தூர் எஸ்டேட், டன்லப், டி.ஐ. சைக்கிள்ஸ் என்று ஊரே முறை வைத்து வேலைக்குப் போன காலம். செகண்ட் ஷிஃப்டுக்குப் போனவருக்கு செவ்வாய்க்கிழமை நாடகமும் கிடையாது, வெள்ளிக்கிழமைப் பாட்டும் கிடையாது. வீட்டில் விசிஆர் இருந்தால் மனைவியோ பிள்ளையோ பதிவு பட்டனை அமுக்கி வைப்பார்கள். அவர் நள்ளிரவில் வந்து சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பார். ஒரே கேசட்டில் வாராவாரம் மேலே மேலே எடுப்பார்கள். மூன்று மணி நேர ஈ-180 கேசட் அன்றைய சம்பளத்துக்கு மலிவான பொருள் இல்லை. அப்படி அழித்து அழித்து எடுத்ததில் எது கடைசியாகத் தங்கியதோ, அதுதான் இன்று என் மேஜைக்கு வருகிறது.

மிக்ஜாம் புயலுக்குப் பிறகு பட்டாபிராமிலிருந்து ஒரு பெண் வந்தார். பீரோவின் கீழ்த்தட்டுவரை தண்ணீர் ஏறிவிட்டதாம். அப்பா டாங்க் ஃபாக்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர், காலமாகிவிட்டார். ஒரு கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “அண்ணா, இது ஓடுமா? இல்ல குப்பையில போட்டுடலாமா?” என்றார்.

“குப்பைக்கு எப்ப வேணா போடலாம்மா. நாலு நாள் எங்கிட்ட இருக்கட்டும்” என்றேன்.

நனைந்த கேசட்டை அப்படியே விசிஆரில் போட்டால் கேசட்டும் போகும், மெஷினின் ஹெட்டும் போகும். பின்பக்கத்தில் ஐந்து ஸ்க்ரூ. கழற்றித் திறந்தால் இரண்டு ரீல், ஒரு ஸ்பிரிங், சின்னச் சின்ன உருளைகள். டேப்பின் விளிம்பில் உப்புத் தூவினாற்போல் வெள்ளையாகப் பூஞ்சை. சென்னையின் ஈரக்காற்றில் மூடி வைத்த பீரோவுக்குள்ளேயே அது பிடிக்கும், வெள்ளமே வேண்டியதில்லை. டேப் என்பது பாலியஸ்டர் நாடா. அதன் மேல் இரும்பு ஆக்சைடுப் பொடியைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். படம் இருப்பது அந்தப் பொடியில். பசை ஈரத்தைக் குடித்துத் தளர்ந்துவிட்டால் பொடி உதிர்ந்துகொண்டே வரும், உதிர்ந்தது திரும்பாது. ரீலை நிழலில் காயவைத்து, முகமூடி போட்டுக்கொண்டு பூஞ்சையைப் பஞ்சில்லாத துணியால் ஒற்றி எடுத்து, வேறொரு நல்ல கேசட்டின் கூட்டுக்குள் மாற்றி வைத்து, கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்த பிறகுதான் மெஷினில் போட்டேன். அதுவும் இதற்கென்றே ஒதுக்கிய மெஷினில்.

முதலில் வெறும் புள்ளி மழை. அப்புறம் சட்டென்று ‘ஒலியும் ஒளியும்’ கடைசி இரண்டு பாட்டு. அது முடிந்து ‘எதிரொலி’, நேயர் கடிதங்களுக்கு நிலையத்தார் பதில் சொல்கிறார்கள். பிறகு ஷோபனா ரவி செய்தி வாசிக்கிறார், பாதியில் அறுந்து ஒரு ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை. நிர்மா விளம்பரமும் ரஸ்னா விளம்பரமும் முழுதாக இருந்தன. அந்தக் காலத்தில் விளம்பரம் வந்தால் பாஸ் பட்டனை அமுக்குவது வழக்கம், டேப் வீணாகக் கூடாது என்று. அந்த வீட்டில் அன்றைக்கு யாரோ அமுக்க மறந்திருக்கிறார்கள். அவர் மறந்தது நமக்கு நல்லதாயிற்று. பாட்டு நூறு இடத்தில் இருக்கிறது. எந்தப் பாட்டுக்குப் பின்னால் என்ன வந்தது, அறிவிப்பாளர் என்ன சொல்லித் தொடங்கினார், எவ்வளவு நேரம் அட்டை நின்றது என்பதெல்லாம் இந்த நாடாவில் மட்டும்தான்.

சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. சன் டிவி வந்தது 1993 ஏப்ரல் 14. நடுவில் இருந்த பதினேழு பதினெட்டு வருடம் தமிழ் டிவி என்றால் அநேகமாக தூர்தர்ஷன் ஒன்றுதான். ‘வயலும் வாழ்வும்’, ‘காண்போம் கற்போம்’, ஞாயிறு மாலைப் படம் என்று ஊர் முழுக்க ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சியைப் பார்த்த காலம் அது. பிரசார் பாரதி தன்னிடம் இருப்பதில் கொஞ்சத்தை யூடியூபில் போட்டிருக்கிறது. 2024 நவம்பரில் ‘வேவ்ஸ்’ என்று சொந்தமாக ஓர் ஓடிடி தளமும் தொடங்கியது. நல்ல காரியம், மனமார வரவேற்கிறேன். ஆனால் ‘ஒலியும் ஒளியும்’ போன்ற ஒன்றை டிஸ்க்காக விற்பதும் ஓடிடியில் ஏற்றுவதும் லேசான வேலை இல்லை. ஆறு பாட்டு என்றால் ஆறு படம், ஆறு உரிமையாளர். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும். அமெரிக்காவில் ‘தி வொண்டர் இயர்ஸ்’ தொடர் பின்னணியில் பயன்படுத்திய பாட்டுகளின் உரிமைச் சிக்கலால் 2014 வரை முழுத் தொகுப்பாக டிவிடியில் வர முடியவில்லை. பின்னணிப் பாட்டுக்கே அந்த நிலை என்றால், பாட்டு மட்டுமே நிகழ்ச்சியான ஒன்றுக்கு என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள்.

சீரியல்களின் கதை கொஞ்சம் வேறு. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்த, இந்திரா சௌந்தர்ராஜன் கதை எழுதி நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ இன்று யூடியூபில் பார்க்கக் கிடைக்கிறது. அதில் ஒரு கதையான ‘விடாது கருப்பு’ வந்தபோது பிறக்காத பிள்ளைகள் ராத்திரியில் அதைப் பார்த்துவிட்டுப் பயந்துகொண்டு தூங்குகிறார்கள். இதை எந்த கேசட் கடையாலும் செய்திருக்க முடியாது. ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை 1,500 பகுதிகளுக்கு மேல் ஓடியது. ஒரு டிவிடியில் ஆறு பகுதி என்று வைத்தாலும் 250 டிஸ்க் வேண்டும். அதை அச்சடிக்க யார் முன்வருவார்கள், வாங்கி வைக்க எந்த வீட்டில் இடம் இருக்கும்? என் கடையில் படங்களின் டிவிடி அடுக்கடுக்காக நின்றது. 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியபோது பாக்கெட் பாக்கெட்டாக விற்றேன். அப்போதும் தமிழ் சீரியல் கேட்டு வந்தவர்களுக்கு எடுத்துக் கொடுக்க என்னிடம் அநேகமாக ஒன்றும் இருந்ததில்லை. அந்த நிறுவனமும் 2018-ல் கலைப்புக்குப் போய்விட்டது. நெடுந்தொடருக்கு ஓடிடிதான் சரியான வீடு என்பதை நான் மறுக்கவில்லை.

நான் சொல்ல வருவது, பார்க்கக் கிடைப்பது வேறு, கையில் இருப்பது வேறு. மாதச் சந்தா கட்டிப் பார்க்கிறோமே, அது வாடகை. என் கடையில் கேசட் எடுத்துப் போனவர்கள் மறுநாள் திருப்பிக் கொடுத்தார்களே, அதே கணக்குத்தான். ‘டவுன்லோட்’ பட்டனை அமுக்கியவுடன் பலர் தொடர் தங்கள் போனில் வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். வருவது பூட்டுப் போட்ட கோப்பு. அந்த ஆப்பைத் தவிர வேறெதிலும் திறக்காது. நெட்ஃபிளிக்ஸில் சிலவற்றுக்குக் குறிப்பிட்ட நாள்தான் ஆயுள், சிலவற்றைப் பார்க்கத் தொடங்கினால் 48 மணி நேரத்தில் காலாவதி. சந்தா நின்றால் எல்லாமே போச்சு. உரிமை ஒப்பந்தம் முடிந்தால் நிகழ்ச்சியே தளத்திலிருந்து இறங்கிவிடும், நமக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

காசு கொடுத்து ‘வாங்கினால்’ நிற்குமா? 2023 டிசம்பரில் சோனி தன் ப்ளேஸ்டேஷன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு தகவல் அனுப்பியது. அவர்கள் விலை கொடுத்து வாங்கியிருந்த டிஸ்கவரி நிகழ்ச்சிகளை, உரிமம் முடிவதால், அவர்களுடைய கணக்கிலிருந்தே எடுக்கப்போகிறோம் என்று. பலத்த எதிர்ப்பு எழுந்தது. புது ஒப்பந்தம் போட்டு அந்த மாதமே பின்வாங்கினார்கள். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. டிஜிட்டல் சரக்கை ‘வாங்கு’ என்று சொல்லி விற்றால், நீங்கள் பெறுவது உரிமம் மட்டுமே, சொந்தம் அல்ல என்பதைத் தெளிவாகக் காட்டியாக வேண்டும். நம் நாட்டிலும் அப்படி ஒரு விதி வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வேடிக்கை என்னவென்றால், சொந்தமாக வைத்துக்கொள்வது இன்றைக்குத்தான் மிகச் சுலபம். ‘கோலங்கள்’ தொடரின் அந்த 1,500 பகுதிகளும் சுமாரான தரத்தில் 300 ஜிபி அளவுதான் வரும். உள்ளங்கை அளவு ஹார்ட் டிஸ்க்கில் அடங்கிவிடும். ஆனால் பூட்டில்லாத கோப்பாக நமக்கு விற்க யாரும் தயாராக இல்லை.

வீட்டில் எடுத்த டேப் சட்டப்படி குற்றமா என்று பயந்து கேட்பவர்களும் உண்டு. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவு, ஒளிபரப்பைத் தன் சொந்த உபயோகத்துக்காக ஒருவர் பதிவு செய்வது ஒளிபரப்பு உரிமையை மீறுவதாகாது என்கிறது. எடுத்ததை விற்பதும் இணையத்தில் ஏற்றுவதும் வேறு விஷயம், அதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். நான் ஏற்றித் தரும் கோப்பு அந்த வீட்டுக்கு மட்டும்தான்.

இப்படி வீடுகளில் தங்கியது எவ்வளவு பெரிய சொத்து என்பதற்கு லண்டனில் ஓர் உதாரணம் உண்டு. பிபிசி தன் பழைய டேப்புகளை அழித்து மறுபடி பயன்படுத்தியதில் 1960-களின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் தொண்ணூறு பகுதிகளுக்கு மேல் படம் காணாமல் போயிற்று. ஆனால் தொலைந்த பகுதிகளின் ஒலி மட்டும் தப்பியிருக்கிறது. ரசிகப் பிள்ளைகள் டிவி பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பிடித்து வைத்திருந்ததால் வந்த பாக்கியம். நிலையம் அழித்ததை வீடு காப்பாற்றியது.

நமக்கு நேரம் அதிகம் இல்லை. உலகில் விசிஆர் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம், காந்த நாடாக்களைக் கோப்பாக மாற்ற 2025-ஐயே கடைசிக் கெடுவாகக் குறித்திருந்தது. என்னிடம் ஓடும் மெஷின்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெல்ட்டும் பிஞ்ச் ரோலரும் தேடி அலைவதே பாதி வேலை. ஆகவே கேசட் இருப்பவர்கள் தயவுசெய்து இப்போதே எடுத்துப் பாருங்கள். வெள்ளை படிந்திருந்தால் எந்த மெஷினிலும் போட வேண்டாம். கேசட்டைப் படுக்க வைக்காமல் புத்தகம்போல நிமிர்த்தி, தரைமட்டத்துக்கு மேலே உயரமான தட்டில் வையுங்கள். மாற்றித் தருபவரிடம் ‘கல்யாணம் மட்டும் போதும்’ என்று சொல்லாதீர்கள், டேப்பின் தலை முதல் வால் வரை ஏற்றச் சொல்லுங்கள். கல்யாணம் முடிந்த பிறகு வரும் மிச்ச இருபது நிமிடத்தில்தான் பலமுறை பழைய தூர்தர்ஷன் அகப்படுகிறது. கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். கடையில் எழுதித் தரும் டிவிடியை நம்பி விட்டுவிடாதீர்கள், அதன் சாயம் மங்கிப்போகும். தேதி தெரிந்தால் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

அதற்கு மேல் ஒரு கோரிக்கை உண்டு. கோட்டையூரில் போர்டு எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, பழைய புத்தகமும் பத்திரிகையும் நாடக நோட்டீஸும் பாட்டுப் புத்தகமுமாக வீடு நிறையச் சேர்த்து வைத்தார். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994-ல் அது சென்னைக்கு வந்து ஆராய்ச்சி நூலகம் ஆனது. தரமணிக்குப் போவதற்கு முன்னால் அது இருந்தது எங்கள் பக்கத்து முகப்பேரில்தான். அச்சடித்த தாளுக்கு அப்படி ஓர் இடம் அமைந்தது. சினிமாவுக்குப் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. வீடுகளில் தங்கிய தமிழ் டிவியைக் கொண்டுபோய்க் கொடுக்க அப்படி ஓர் இடம் வேண்டும். சேப்பாக்கத்தில் சுவாமி சிவானந்தா சாலை நிலையத்தில் ஒரு மேஜை போட்டு, மக்களிடம் கேசட்டை வாங்கி, நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாலே போதும். ஒளிபரப்பியது அந்த நிலையமே என்பதால் சட்டச் சிக்கலும் குறைவு. பட்டாபிராம் பெண் தன் அப்பாவின் கேசட்டைக் கொடுக்கத் தயாராக இருக்கிறார், நான் கேட்டுவிட்டேன். சுத்தம் செய்து ஓடவைக்கும் வேலையை ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி கேசட்டுகளுக்குக் கூலி வாங்காமல் நானே செய்து தருகிறேன்.