பின் சக்கரத்து பிரேக்கை நாங்களே மாற்றலாம்

தோழிகளே, சமையல், தையல், கோழி வளர்ப்பு என்று எத்தனையோ விடயங்களை இந்தப் பக்கங்களில் பகிர்ந்திருக்கிறோம். இம்முறை காரின் பின் சக்கரத்து பிரேக்கைப் பற்றி எழுதுகிறேன்.

1990 ஆனியில் கல்முனைப் பகுதியில் பல வீடுகள் ஆண்களை இழந்தன. எங்கள் வீடும் அவற்றில் ஒன்று. 2004 மார்கழி 26 இல் கடல் வந்து மிச்சத்தையும் கொண்டுபோனது. பல வருடங்களின் பின்னர் சீட்டுக் காசில் நானும் தங்கச்சியும் ஒரு பழைய சின்னக் கார் வாங்கினோம். பாண்டிருப்பிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கும், நாவிதன்வெளிப் பக்கத்துக் கர்ப்பிணிகளைக் கல்முனைக் கிளினிக்குக்கும் ஏற்றி இறக்குவதே எங்கள் பிழைப்பு. ஆகவே பிரேக் என்பது எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

ஒரு கராஜில் பின் லைனர் மாற்றியதாகச் சொல்லி நான்கு மாதத்தில் இரு தடவை காசு வாங்கினார்கள். பிறகு திறந்து பார்த்தால் ஒரு பக்கத்தில் பழைய லைனரே தேய்ந்து கிடந்தது. "பொம்புளையளுக்கு இதெல்லாம் விளங்காது" என்ற பதில்தான் கிடைத்தது. அதன் பின்னர் மருதமுனையைச் சேர்ந்த வயதான மெக்கானிக் காக்கா ஒருவரிடம் போனேன். அவர், "பக்கத்துல நின்டு பாருங்க தங்கச்சி, அடுத்த முறை நீங்கதான் கழட்டணும்" என்றார். அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

பெண்ணுக்கும் பிரேக்குக்கும் தொடர்பு இன்று நேற்று வந்ததல்ல. 1888 ஆவணியில் ஜேர்மனியில் பேர்த்தா பென்ஸ் என்ற பெண், கணவர் உருவாக்கிய மோட்டார் வண்டியில் இரு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு 100 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிப் போனார். வழியில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோக, செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் அடிக்க வைத்தார். இன்று நாம் லைனர் என்று சொல்வதன் தொடக்கம் அதுதான்.

எப்படி வேலை செய்கிறது?

மாருதி போன்ற சின்னக் கார்களின் பின் சக்கரங்களில் இரும்பு ட்ரம் ஒன்று சுழலும். அதற்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் இருக்கும். பெடலை மிதித்தால் வீல் சிலிண்டர் அவற்றை வெளியே தள்ளும். ஷூவில் ஒட்டிய லைனர் ட்ரம்மை உரசி நிறுத்தும். ஹாண்ட் பிரேக்கும் இதே ஷூக்களைத்தான் இழுக்கிறது. ஹாண்ட் பிரேக்கை முன்னரைவிட அதிகம் இழுக்க வேண்டி வந்தால், பெடல் கீழே இறங்கினால், பின்னால் கிறீச்சிட்டால் திறந்து பார்க்கவேண்டும்.

எங்கள் ஊரில் உப்புக் காற்று ட்ரம்மைத் துருப்பிடிக்க வைக்கும். மாரியில் கிட்டங்கித் தாம்போதி போன்ற இடங்களில் வெள்ளத்தைக் கடந்தால் ட்ரம்முக்குள் நீர் புகுந்து பிரேக் பிடிக்காது. மெதுவாக ஓடியபடி பெடலை இலேசாக மிதித்து உலர்த்தவேண்டும்.

கழற்றும்போது

காரைச் சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, முதலாம் கியரில் விடுங்கள். ஹாண்ட் பிரேக்கை விட்டுவிடவேண்டும். இல்லாவிட்டால் ட்ரம் வராது. சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்துங்கள். எங்கள் மணல் முற்றங்களில் ஜக்குக்குக் கீழே தடித்த பலகை அவசியம். ஜக்கை மட்டும் நம்பவேண்டாம்; உறுதியான ஸ்டாண்ட் வைத்த பிறகே கை வையுங்கள்.

ட்ரம் இறுகியிருந்தால் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, ரப்பர்ச் சுத்தியலால் சுற்றிவரத் தட்டுங்கள். நடுவில் பெரிய நட் பூட்டியுள்ள ட்ரம் என்றால் முதல் தடவை தெரிந்தவரை வைத்துச் செய்வதே நல்லது. அந்த நட்டின் இறுக்கத்தில்தான் சக்கரமே நிற்கிறது.

உள்ளிருக்கும் தூசியை ஊத வேண்டாம். பழைய லைனர்களில் புற்றுநோய் தரும் அஸ்பெஸ்டோஸ் இருக்கலாம். மூக்கையும் வாயையும் மூடி, பிள்ளைகளைத் தள்ளி நிற்கவைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பொலித்தீன் பையில் கட்டிப் போடுங்கள். மண்ணெண்ணெயோ கிறீஸோ லைனரில் படவே கூடாது.

மாற்றும்போது

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றுங்கள். மறுபக்கம் உங்களுக்கு மாதிரியாக இருக்கும். கழற்றுமுன் போனில் படம் எடுத்து வைத்தால் எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் என்ற குழப்பம் வராது. ஸ்பிரிங் தெறிக்கும், கண்ணைக் கவனியுங்கள். ட்ரம் கழற்றியிருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது.

லைனர் 1.5 மில்லிமீற்றர் அளவுக்குத் தேய்ந்தாலே மாற்றிவிடலாம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் இரு பக்கமும் புதிது போடவேண்டும். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கையில் கார் ஒரு பக்கம் இழுக்கும். சிலிண்டரின் ரப்பர் மூடியைச் சற்று விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் ஒயில் கசிகிறது. சிலிண்டரைத் திருத்தாமல் ஓடக்கூடாது. பிரேக் ஒயிலுக்குப் பதிலாக என்ஜின் ஒயிலை ஒருபோதும் ஊற்றவேண்டாம், ரப்பர்கள் ஊதிப் பழுதாகிவிடும்.

இறுக்கம் சரிபார்த்தல்

ட்ரம்மைப் போட்டு, பல் சில்லு அட்ஜஸ்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, கையால் சுற்றிப் பாருங்கள். உரசல் கேட்டதும் சற்றுப் பின்னால் திருப்பி, தடையின்றிச் சுற்ற விடுங்கள். சில கார்களில் இது தானாகவே சரியாகும். பெடலைப் பல தடவை மிதித்தால் போதும். ஷூக்களைச் சரிசெய்த பின்னரே ஹாண்ட் பிரேக் கேபிளைத் தொடவேண்டும்.

சக்கரத்தைப் பூட்டிக் காரை இறக்கி, நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். நகர்த்துமுன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். முதலில் ஆளில்லாத ஒழுங்கையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பெடல் பஞ்சுபோல அமுங்கினால் பிரதான வீதிக்குப் போகவே வேண்டாம்.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த வருடங்களில் பழைய கார்களையே திருத்தித் திருத்தி ஓடினோம். இன்றும் எங்களைப் போன்றவர்களுக்குப் புதுக் கார் எட்டாத ஒன்றுதான். ஆகவே கிராமத்துப் பெண்கள் சங்கங்கள் ஜக், இரண்டு ஸ்டாண்ட், ஸ்பனர் செற், குறடு என்பவற்றைச் சேர்ந்து வாங்கி வைக்கலாம். எல்லோரும் மெக்கானிக் ஆகவேண்டும் என்பதில்லை. கராஜுக்குப் போனாலும், "கழற்றிய பழைய லைனரைக் காட்டுங்க" என்று கேட்கும் அளவுக்குத் தெரிந்திருந்தால் எங்களை ஏமாற்றுவது கடினம்.