கலர் வியாபாரம்: நம் ஊர்ச் சுவைக்கும் ஒரு தட்டு ஒதுக்குவோம்

கோடை வந்துவிட்டால் நமது மளிகைக் கடைகளிலும் பெட்டிக்கடைகளிலும் சோடாவும் கலரும் ஓயாமல் விற்கும். ஆனால் இந்தச் சரக்கை நம்மில் பலர் விசாரித்துக் கொள்முதல் செய்வதில்லை. கம்பெனி வண்டி வருகிறது, பெட்டியை இறக்குகிறது, நாம் அடுக்கி வைக்கிறோம். துவரம் பருப்பைக் கையில் அள்ளி, வாயில் போட்டுப் பார்த்து வாங்கும் நாம், குளிர்பானத்தை மட்டும் ருசி பார்க்காமலே விற்கிறோம்.

நமது பாடியை எடுத்துக்கொள்வோம். லூகாஸ் டி.வி.எஸ். முதல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வரை வேலைக்காக எல்லா மாவட்டத்தாரும் வந்து குடியேறிய பகுதி இது. மதுரைக்காரர் மாப்பிள்ளை விநாயகர் கலரைக் கேட்பார். விருதுநகர்க்காரருக்குப் பொவண்டோ வேண்டும். ஒருவருக்குப் பன்னீர் சோடா, இன்னொருவருக்கு நன்னாரி சர்பத். சொந்த ஊர்ச் சுவை கிடைத்த கடையை வாடிக்கையாளர் மறப்பதில்லை. அவரே ஒரு நாள், "புதுசா என்ன வந்திருக்கு?" என்றும் கேட்பார். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த கடைக்காரரிடம் வியாபாரம் நிற்கும்.

இந்தச் சரக்குகளின் வரலாறும் சுவையானதே. கோலி சோடா பாட்டிலை 1872-இல் வடிவமைத்துக் காப்புரிமை பெற்றவர் லண்டனைச் சேர்ந்த ஹிராம் காட். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து நிரப்பி நிமிர்த்தினால், உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியை மேலே தள்ளிக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு இறுக்கிவிடும். மூடியே தேவையில்லை. ஜப்பானில் இதே வகை பாட்டிலில் 'ராமுனே' என்ற பானம் இன்றும் விற்பனையாகிறது. 2025-இல் நமது கோலி சோடா வளைகுடா நாடுகளின் பெரிய கடைகளுக்கும் ஏற்றுமதியானது. வெளிநாட்டில் மதிக்கும் சரக்கை உள்ளூரில் நாம் மூலையில் வைக்கலாமா?

பொவண்டோ தயாரிக்கும் காளிமார்க் நிறுவனம் 1916-இல் விருதுநகரில் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடாரால் தொடங்கப்பட்டது. 1977-இல் கோக் நாட்டைவிட்டுப் போனது. 1993-இல் திரும்பி வந்து, தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் முதலிய பார்லே நிறுவனத்தின் பெயர்களையும் வாங்கிக்கொண்டது. அந்தப் போட்டியிலும் காளிமார்க் நிலைத்து நின்றது குறிப்பிடத்தக்கது.

ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து, 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று தமிழ்நாடு வணிகர் சங்கங்களின் பேரமைப்பும் பேரவையும் அறிவித்தன. அப்போது உள்ளூர் பானங்களுக்குக் கிராக்கி கூடியது. ஆனால் நாளடைவில் பழைய பாட்டில்கள் மீண்டும் தட்டுக்கு வந்துவிட்டன. அறிவிப்பு தரும் விற்பனை சில மாதம். சுவை தரும் விற்பனையே ஆண்டு முழுவதும் என்பது நமக்குக் கிடைத்த பாடம்.

ஜிஞ்சர் பீர் என்ற பெயரைக் கேட்டுச் சிலர் தயங்குவார்கள். இங்கிலாந்தில் அந்நாளில் இஞ்சி, சர்க்கரை, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைத்துச் செய்ததால் அந்தப் பெயர் வந்தது. இப்போது கலர் கம்பெனிகள் செய்வது பெரும்பாலும் இஞ்சிச் சுவையும் வாயுவும் சேர்த்த பானமே. ஆனாலும் 'பீர்' என்ற பெயரில் எது வந்தாலும் லேபிளைப் படித்த பிறகே பெட்டியை இறக்குங்கள். ஆல்கஹால் 0.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் உணவுப் பாதுகாப்பு விதிப்படி அது மதுபானம்; மளிகைக் கடைச் சரக்கு அல்ல.

வரி விஷயத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், சர்க்கரையும் சுவையும் சேராத வெறும் சோடாவுக்கு ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. இனிப்போ சுவையோ சேர்த்த சோடாவுக்கும் கலருக்கும் 40 சதவீதம். முன்பும் 28 சதவீத வரியும் 12 சதவீத செஸ்ஸும் சேர்த்து இதே அளவுதான். அதாவது வரிக்கு முன் 10 ரூபாய் விலையுள்ள வெறும் சோடா வரியோடு 10.50 ரூபாய், அதே விலைப் பன்னீர் சோடா 14 ரூபாய். மேலும் 2019 அக்டோபர் முதல் இந்தப் பானத் தயாரிப்பாளர்கள் காம்போசிஷன் திட்டத்தில் சேர முடியாது. பன்னாட்டுக் கம்பெனிக்கும் பத்துப் பேர் வேலை செய்யும் சோடா கம்பெனிக்கும் ஒரே வரி. சிறிய தயாரிப்பாளரிடம் விளம்பரத்துக்குப் பணம் இல்லை. அவருக்கு இருக்கும் ஒரே விளம்பரம் நமது கடைத் தட்டுதான்.

எனவே நாம் செய்ய வேண்டியவை சில. கம்பெனி கொடுத்த ஃபிரிட்ஜில் வேறு சரக்கு வைக்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால், பழைய ஃபிரிட்ஜோ ஐஸ் பெட்டியோ ஒன்றைச் சொந்தமாகப் போடுங்கள். புதிய சரக்கை முதலில் அரைப் பெட்டி மட்டும் எடுங்கள். கடையில் எல்லோரும் குடித்துப் பாருங்கள். பிடித்தால் வாடிக்கையாளரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 14 இலக்க உணவு உரிம எண், தயாரிப்பாளர் முகவரி, தேதி, அளவு, அதிகபட்ச விலை இவை லேபிளில் இல்லாத பாட்டிலை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். வெயிலில் பெட்டிகளை அடுக்காதீர்கள். முதலில் வந்த சரக்கு முதலில் போகட்டும். கூலிங்குக்கு என்று ஒரு ரூபாய் கூட்டி வாங்குவதும் சட்டப்படி குற்றம். அந்த ஒரு ரூபாய் ஒரு வாடிக்கையாளரையே இழக்கச் செய்யும்.

பிடித்த கலர் ஒன்று, புதிய கலர் ஒன்று என இரண்டும் கிடைக்கும் கடையாக நமது கடை இருக்கட்டும். சிறு கடையை நம்பிச் சிறு தயாரிப்பாளர் இருக்கிறார். அவரது சரக்கு பெரிய கடைகளில் கிடைக்காதவரை, அதைத் தேடி வரும் வாடிக்கையாளர் நம்மிடம்தான் வருவார்.