புள்ளலூர் வெற்றிக்குப் பின் ஐதர் அலி காஞ்சிக்கு வந்திருந்தால்?

மங்கோலியப் பேரரசர் குப்ளாய்கான் 1274ஆம் ஆண்டிலும் 1281ஆம் ஆண்டிலும் ஜப்பான்மீது படையெடுத்தார். இரண்டாம் முறை அவருடைய கப்பல்களைப் பெரும் புயல் சிதறடித்தது. அப்புயல் வீசாதிருந்தால் ஜப்பானியர் மங்கோலியர் ஆட்சியில் எவ்வாறு வாழ்ந்திருப்பர் எனக் கற்பனை செய்து எழுதுவோர் உளர். அத்தகையதொரு வினா நம் காஞ்சிபுரத்தின் அருகிலேயே இருக்கிறது.

1780 ஜூலையில் மைசூரை ஆண்ட ஐதர் அலி ஏறத்தாழ 80,000 வீரருடன் ஆற்காட்டு நவாபின் நாட்டிற்குள் இறங்கினார். சென்னையிலிருந்து புறப்பட்ட சர் ஹெக்டர் மன்றோ சுமார் 5,000 பேருடன் காஞ்சியில் வந்து தங்கினார். குண்டூரிலிருந்து வரும் கர்னல் பெய்லியின் படை அவருடன் சேரவேண்டும் என்பது திட்டம். ஆனால், கொற்றலையாறு பெருக்கெடுத்துப் பெய்லியைப் பல நாள் தடுத்துவிட்டது. ஜப்பானில் புயல் படையெடுத்தவரைக் கெடுத்தது. இங்கோ வெள்ளம் படையெடுத்தவருக்குத் துணை நின்றது!

செப்டம்பர் 10ஆம் நாள் புள்ளலூரில் ஐதரும் திப்புவும் பெய்லியை வளைத்துக்கொண்டனர். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. படை அழிந்தது, பெய்லி சிறைப்பட்டார். பீரங்கி முழக்கம் கேட்டுப் புறப்பட்ட மன்றோ, காலம் கடந்ததை உணர்ந்து காஞ்சிக்கே திரும்பினார். உணவும் போதவில்லை. மறுநாள் தம் பெரும்பீரங்கிகளைக் காஞ்சியின் குளமொன்றில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு வழியாகச் சென்னையை நோக்கிப் பின்வாங்கினார்.

ஐதர் தம் முழு வலிமையுடன் அவரைத் தொடரவில்லை. ஆற்காட்டு முற்றுகையையே பெரிதாகக் கருதினார். நவம்பரில் அதனைக் கைப்பற்றவும் செய்தார். ஆனால், அதே நவம்பரில் வங்காளத்திலிருந்து கடல்வழியே சர் அயர் கூட் சென்னை வந்து சேர்ந்தார். 1781 ஜூலை முதல் நாள் பரங்கிப்பேட்டையில் கூட்டிடம் ஐதர் தோற்றபோது, ஆங்கிலேயரின் முதல் அணியை நடத்தியவர் காஞ்சியிலிருந்து தப்பிய அதே மன்றோதான்.

ஆகவே, காஞ்சிச் சாலையில் மன்றோவின் படையும் அழிந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? சென்னைக் கோட்டை உடனே வீழ்ந்திருக்கும் என்பது மிகை. அதன் மதில்கள் வலியவை. கடல் ஆங்கிலேயர் வசம் இருந்தது. எனினும், 1769இல் சென்னையின் வாயில்வரை வந்து உடன்படிக்கை பெற்றவர் ஐதர். கூட் வந்திறங்கும்போது அவருக்குக் களப்படையே இல்லாதிருந்தால், அதனினும் கடுமையான உடன்படிக்கை ஒன்றைக் கும்பினியார் ஏற்க நேர்ந்திருக்கும் என்றே நாம் கருதுகிறோம். கும்பினியின் ஜாகீராக இருந்த காஞ்சி மைசூருக்கு உரியதாகியிருக்கலாம். 1784இல் மங்களூரில் கையெழுத்தான உடன்படிக்கை, வென்ற இடங்களைத் திருப்பித்தரும் சமரசமாக முடிந்திராது.

ஐதரின் வீரத்தில் மகிழும் நண்பர் சிலர், அவ்வாறு நிகழ்ந்திருந்தால் காஞ்சி பொற்காலம் கண்டிருக்கும் என்பர். நாம் அவ்வளவு தூரம் செல்லத் துணியோம். பகைவருக்கு உணவும் தீவனமும் கிட்டலாகாதெனச் சென்னையைச் சூழ்ந்த ஊர்களை எரித்தவை ஐதரின் குதிரைப்படைகளே. 1781-82இல் பஞ்சம் வந்தது. அதன் பின்னும் பல ஆண்டுகள் இப்பகுதி நிமிரவில்லை. 1790களில் ஜாகீரின் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிடுவதில் பெரும்பாடு பட்டார். தறியில் அமர்ந்திருந்த நெசவாளிக்குப் படை எந்தக் கொடியின் கீழ் வந்தாலும் துன்பம் ஒன்றே. போர் விரைவில் முடிந்திருந்தால் அப்பஞ்சத்தின் கொடுமை குறைந்திருக்கலாம். காஞ்சி மக்கள் உண்மையில் இழந்த நற்பேறு அதுவே என்பது நம் எண்ணம்.

வேறொன்றும் சுவையானது. திப்பு தம் நாட்டில் பட்டுப்புழு வளர்ப்பை ஊக்குவித்தார். மைசூர் காஞ்சியை ஆளவில்லை. எனினும் காஞ்சித் தறிகளுக்குரிய பட்டுநூலில் பெரும்பகுதி இன்றும் கருநாடக மாநிலத்திலிருந்தே வருகிறது.

புள்ளலூருக்குச் செல்லும் மாணவர் அங்கு இரண்டு நினைவுத் தூண்களைக் காணலாம். அவை 1781இல் அதே இடத்தில் கூட் நடத்திய இரண்டாம் போரின் காலத்து ஆங்கில அதிகாரிகளுக்கு உரியவை. 1780இல் வென்றவர்களைக் காண வேண்டுமாயின், சீரங்கப்பட்டினத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியத்திற்கு முன்தான் போய் நிற்க வேண்டும்.