செடியை மாற்றும் முன் மண்ணைப் பாருங்கள்

ஏல விவசாயிகளிடமிருந்து வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "மூணு வருஷச் செடி சார். தூர் அழுகுது, தட்டை சாயுது. எந்த மருந்து ஊத்தலாம்?" போடிமெட்டு, ஆகமலை, கொட்டகுடி என்று ஊர் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. மருந்து ஊற்றியும் தேறாவிட்டால் செடியைப் பிடுங்கிவிட்டுப் புதுச்செடி வைக்கிறார்கள். அதே குழி, அதே மண். இரண்டு வருடம் கழித்து அதே கேள்வி திரும்ப வருகிறது.

நன்கு பராமரித்தால் பத்து வருடத்துக்கும் மேல் காய்க்க வேண்டிய பயிர் இது. அது மூன்று வருடத்தில் முடிந்தால் நாற்றுக்கூலி, குழிக்கூலி, காய்ப்புக்கு வராத இரண்டு வருடம் எல்லாமே நட்டம். ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது பெரிய அடி. அதனால் மருந்தின் பெயரைச் சொல்வதற்கு முன் மண்ணைப் பற்றிப் பேசுவோம்.

ஏலம் காட்டுச் செடி

மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காட்டு நிழலில் தானாக வளர்ந்த செடி ஏலம். அதன் வேர் ஆழமாகப் போகாது. உணவு எடுக்கும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் அரை அடிக்குள்ளேயே இருக்கும், ஓர் அடிக்குக் கீழே மிகக் குறைவு. காட்டில் அந்த அரை அடியும் மட்கிய இலைச்சருகுதான். அதில் மண்புழு, நன்மை செய்யும் பூஞ்சாணம், பாக்டீரியா எல்லாம் குடியிருக்கும். மழை பெய்தால் நீரைப் பிடித்துக்கொள்ளும், மிஞ்சிய நீரை வடித்தும் விடும். ஏலத்துக்கு ஈரமும் வேண்டும், நீர் தேங்கவும் கூடாது. இரண்டையும் ஒருசேரக் கொடுப்பது மட்கு நிறைந்த மண்தான்.

அந்த அரை அடி மண்ணைத்தான் நாம் கொஞ்சம் கொஞ்சமாக இழந்து வருகிறோம். கட்டப்பனைப் பக்கத்து விவசாயி ஒருவர் தேர்ந்தெடுத்த ஞள்ளானி ரகம் பரவிய பிறகு மகசூல் பல மடங்கு கூடியது. அது நல்ல ரகம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதிகம் காய்க்கும் செடி மண்ணிலிருந்து அதிகமாக எடுக்கும். அதற்கு ஈடாக உரத்தை மட்டும் கூட்டினோம். வெளிச்சத்துக்காக நிழல் மரங்களை அளவுக்கு மீறிக் கழித்தோம், களைக்கொல்லி அடித்துத் தரையை மொட்டையாக்கினோம், மாதம் தவறாமல் தூரில் மருந்து ஊற்றினோம். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை விலை போனபோது இந்த வேகம் இன்னும் கூடியது. 2024 கோடையில் வெயில் கடுமையாக அடித்தபோது இடுக்கியில் ஏராளமான ஏலத்தோட்டங்கள் காய்ந்தன. மூடாக்கும் நிழலும் இல்லாத மண்ணில் மேலோட்டமாக நிற்கும் வேருக்கு, வெயில் நேராகச் சூடு வைப்பது போலத்தான்.

செலவில்லாத நான்கு சோதனைகள்

முதலில் உங்கள் மண் எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

1. செடியிலிருந்து இரண்டடி தள்ளி ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழம் மண்ணை எடுத்துச் சாக்கில் கொட்டி மண்புழுக்களை எண்ணுங்கள். மழைக்காலத்தில் ஒரு புழுகூட இல்லை என்றால் மண் பசியோடு இருக்கிறது என்று பொருள்.

2. காய்ந்த மண்கட்டி ஒன்றை, கண்ணாடி டம்ளர் நீரில் மெதுவாகப் போடுங்கள். உடனே கரைந்து நீர் கலங்கினால் மட்குச் சத்து குறைவு. உருக்குலையாமல் நின்றால் நல்ல மண்.

3. மண்ணை முகர்ந்து பாருங்கள். முதல் மழை மணம் வந்தால் உயிர் இருக்கிறது. புளித்த வாடையோ சாக்கடை வாடையோ வந்தால் நீர் தேங்கிக் காற்றோட்டம் இல்லை.

4. அடியும் மேலும் திறந்த தகர டப்பாவைத் தரையில் இரண்டு அங்குலம் பதித்துத் தண்ணீர் ஊற்றுங்கள். காட்டோரத்தில் ஓர் இடத்திலும் உங்கள் செடி வரிசையில் ஓர் இடத்திலும் செய்து, எங்கே நீர் சீக்கிரம் இறங்குகிறது என்று பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

பரிசோதனையும் சுண்ணாம்பும்

அடுத்தது மண் பரிசோதனை. சரிவின் மேல், நடு, கீழ் மூன்றுக்கும் தனித்தனி மாதிரி எடுக்க வேண்டும். சருகை ஒதுக்கிவிட்டு, உரம் இடும் வட்டத்துக்குள் பத்துப் பதினைந்து இடங்களில் மண் எடுத்துக் கலந்து, கால் பங்காகக் குறைத்து, அரை கிலோவை நிழலில் உலர்த்தி அனுப்புங்கள். உரமிட்டு இரண்டு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். தேனி மாவட்டத்தில் தோட்டம் இருந்தால் மாவட்ட மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுக்கலாம். எல்லை தாண்டி உடும்பன்சோலை தாலுகாவில் தோட்டம் வைத்திருப்பவர்கள் மைலாடும்பாறையில் உள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம். இது இடுக்கி மாவட்டத்து மைலாடும்பாறை, நம் கடமலைக்குண்டு பக்கத்து ஊர் அல்ல.

முடிவு வந்ததும் முதலில் பி.எச். அளவைப் பாருங்கள். ஏலத்துக்கு 5.5 முதல் 6.5 வரை நல்லது. 5-க்குக் கீழே போனால் மண்ணில் உள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும். இட்ட மணிச்சத்தும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு செடிக்குக் கிடைக்காது. மலையில் மழைநீர் சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போய்விடும். யூரியா போன்ற உரங்களும் தொடர்ந்து இட்டால் புளிப்பைக் கூட்டும். இந்த நிலையில் வேளாண் சுண்ணாம்பு அல்லது டோலமைட் செடிக்கு ஆண்டுக்கு ஒரு கிலோ வரை, மே மாதமும் செப்டம்பரிலும் இரண்டாகப் பிரித்து இடலாம். மண்ணில் ஈரம் இருக்கும்போது, தூரில் படாமல், வட்டமாகத் தூவி லேசாகக் கிளறி விடுங்கள். ரசாயன உரத்துக்கும் இதற்கும் இரண்டு மூன்று வாரம் இடைவெளி அவசியம். பி.எச். சரியாக இருக்கும் மண்ணில் சுண்ணாம்பு போடக் கூடாது. பக்கத்துத் தோட்டக்காரர் போட்டார் என்று நாமும் போடுவது வேண்டாம்.

மூடாக்கு: மண்ணின் போர்வை

மண்ணை மீட்க முதல் வேலை, தரையைத் திறந்து போடாமல் இருப்பது. நிழல் கவாத்தில் விழும் இலை, சிறு கிளை, உரித்த ஏல இலைச்சோகை, வெட்டிய களை எதையும் தோட்டத்தை விட்டு வெளியேற்றாதீர்கள், எரிக்கவும் செய்யாதீர்கள். மழை ஓய்ந்ததும், டிசம்பர் வாக்கில், வரிசை முழுவதும் நான்கு அங்குலத்துக்குக் குறையாமல் பரப்புங்கள். மே மாதம் மழைக்கு முன் தூரை ஒட்டிய சருகை மட்டும் ஒதுக்குங்கள். தூர் காற்றோட்டமாக இருந்தால் அழுகல் குறையும். தரையோடு கிடக்கும் சரத்தில் பூக்களைத் தேனீ எளிதாக வந்தடையும்.

நிழலை மழைக்கு முன் மட்டும் கழியுங்கள், கோடையில் தொடாதீர்கள். பாதி நிழல், பாதி வெளிச்சம் என்பது நல்ல கணக்கு. சில்வர் ஓக் மட்டும் வைத்தால் போதாது. பலா, சந்தன வேம்பு, கல்யாண முருங்கை என்று கலந்து வையுங்கள். கல்யாண முருங்கை தழைச்சத்தையும் மண்ணில் சேர்க்கும்.

சருகு கிடந்தால் தீப்பிடிக்குமே என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான பயம். 2018 மார்ச்சில் குரங்கணி மலைத்தீயை நாம் யாரும் மறக்கவில்லை. புல்மேட்டையும் காட்டையும் ஒட்டிய எல்லையில் பத்துப் பதினைந்து அடி அகலத்துக்குச் சருகு இல்லாமல் தீத்தடுப்புக் கோடு போடுங்கள். உள்ளே மூடாக்கு இருக்கட்டும்.

களைக்குக் கொத்து போடுவதையும் விடுங்கள். மண்வெட்டி வேரைத்தான் வெட்டும். அரிவாளாலோ களை வெட்டும் இயந்திரத்தாலோ மேலாக வெட்டிப் போட்டால் அதுவே மூடாக்கு.

மட்கு உரமும் ட்ரைக்கோடெர்மாவும்

செடிக்கு ஆண்டுக்கு ஐந்து கிலோ நன்கு மட்கிய தொழுவுரம் அல்லது கம்போஸ்ட் வேண்டும். பத்தடிக்குப் பத்தடி நட்ட ஏக்கரில் சுமார் 435 செடி. கணக்குப் போட்டால் இரண்டே கால் டன்னுக்குச் சற்றுக் குறைவு. கீழிருந்து ஜீப்பில் ஏற்றினால் வாடகையே உரத்தின் விலையைத் தாண்டும். அதனால் பாதியையாவது தோட்டத்திலேயே தயாரியுங்கள். காய்ப்பு முடிந்து வெட்டும் தட்டைகளைத் துண்டாக்கி, சாணக்கரைசலோடு அடுக்கடுக்காகப் போட்டு, மாதம் ஒருமுறை புரட்டினால் நான்கைந்து மாதத்தில் மட்கும். அழுகல் வந்த தூரையும் நச்சுயிரி நோய் தாக்கிய செடியையும் இதில் சேர்க்காதீர்கள். அவற்றைத் தனியே அப்புறப்படுத்தி அழித்துவிடுங்கள்.

தூர் அழுகலைத் தடுக்க ட்ரைக்கோடெர்மா சேர்த்த மட்கு நல்லது. 90 கிலோ மட்கிய தொழுவுரம், 10 கிலோ வேப்பம்புண்ணாக்கு, ஒரு கிலோ ட்ரைக்கோடெர்மா மூன்றையும் கலந்து, பிடித்தால் உருண்டை நிற்கும் அளவு நீர் தெளித்து, நிழலில் ஈரச்சாக்கால் மூடுங்கள். ஒரு வாரம் கழித்துப் புரட்டிவிட்டு மறுபடி மூடினால், பதினைந்து நாளில் மேலே பச்சை நிறமாகப் பூஞ்சாணம் படரும். அதைத் தூரைச் சுற்றி இடுங்கள். இட்ட பிறகு மூன்று வாரத்துக்குத் தூரில் தாமிர மருந்தோ வேறு பூஞ்சாணக் கொல்லியோ ஊற்றக் கூடாது. ஊற்றினால் காசு கொடுத்து வாங்கிய உயிரை நாமே கொன்றது போலாகும்.

உரத்தை நிறுத்த வேண்டுமா?

ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். அதிகம் காய்க்கும் செடி பட்டினி கிடந்தால் அதுவும் நட்டம்தான். நீர் பாய்ச்சும் தோட்டத்துக்கு ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 125, 125, 250 கிலோ என்பதும், மானாவாரிக்கு 75, 75, 150 கிலோ என்பதும் பரிந்துரை. பாசனத் தோட்டக் கணக்கில் ஏக்கருக்கு யூரியா சுமார் 110 கிலோ, பொட்டாஷ் சுமார் 167 கிலோ வரும். செடிக்குப் பார்த்தால் ஆண்டுக்கு யூரியா கால் கிலோ, பொட்டாஷ் 400 கிராமுக்கும் குறைவு. நீங்கள் இடும் அளவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பலர் இதைத் தாண்டித்தான் இடுகிறார்கள். முதல் வருடம் பரிந்துரைக்கு இறங்குங்கள், பல தவணையாகப் பிரித்து இடுங்கள். அடுத்த மண் பரிசோதனையைப் பார்த்து மேலும் குறைக்கலாம். புளிப்பு மண்ணில் மணிச்சத்துக்கு ராக் பாஸ்பேட் பொருத்தமானது.

மருந்து விஷயத்திலும் இதே நிதானம் வேண்டும். வேர்ப்புழுவுக்குத் தூர் முழுக்க விஷம் ஊற்றினால் மண்புழுவும் சாகும். கோடை மழைக்குப் பிறகும், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலும் வெளிவரும் வண்டுகளைக் கைவலையால் பிடித்து அழிப்பது, புழுவைத் தாக்கும் நூற்புழுக்களைப் பயன்படுத்துவது ஆகிய வழிகள் உண்டு. இது நம் மண்ணோடு முடியும் விஷயமும் அல்ல. 2023 ஜனவரியில், ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சம் இருந்ததாகச் சபரிமலை அரவணை விற்பனையைக் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தியது. பின்னர் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தாலும், வாங்குபவர்கள் எச்சத்தைக் கவனிக்கிறார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்துங்கள்

எவ்வளவு மட்கு போட்டாலும் ஒரு கனமழை அடித்துக்கொண்டு போனால் பயனில்லை. போடிப் பக்கச் சரிவில் விழும் மழை கொட்டகுடி ஆற்றில் சேர்ந்து வைகைக்குப் போகிறது. நாம் இழக்கும் மேல்மண் கீழே ஆற்றிலும் அணையிலும் வண்டலாகப் படிகிறது. அதைக் குடிநீராகவும் பாசனமாகவும் நம்பியிருப்பவர்கள் நம் சொந்தபந்தங்கள்தான்.

சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில் வரிசை அமையுங்கள். வரிசைகளுக்கு இடையே ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குழிகளை மாற்றி மாற்றி வெட்டுங்கள். மழைநீர் இதில் நின்று மெல்ல இறங்கும். சேரும் வண்டலை மழைக்குப் பின் அள்ளி, தூருக்கு லேசாக அணையுங்கள். கிழங்கை முழுவதும் மூடிவிடாதீர்கள். செங்குத்தான இடத்தில் கல்வரப்பும், அதன் ஓரத்தில் வெட்டிவேரும் நல்ல காவல்.

உடும்பன்சோலைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை முக்கியம். போடிப் பக்கச் சரிவில் ஐப்பசி, கார்த்திகை மழைதான் கனமாக இறங்கும். கிழக்குச் சரிவில் தோட்டம் உள்ளவர்கள் குழி, வரப்பு வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும்.

வாசகர்கள் கேட்டவை

கேள்வி: செடி அழுகிய குழியில் உடனே புதுச்செடி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அழுகிய தூரை வேரோடு எடுத்துவிட்டு, குழியை வெயில் படத் திறந்து போடுங்கள். பி.எச். குறைவாக இருந்தால் சுண்ணாம்பு இட்டு, மேல்மண்ணும் ட்ரைக்கோடெர்மா மட்கும் நிரப்பி, அடுத்த நடவுப் பருவத்தில் நடுங்கள். நீர் தேங்கும் இடமானால் முதலில் வடிகால் வெட்டுங்கள். அதில்லாமல் எந்த மருந்தும் நிற்காது.

கேள்வி: கோழி எரு சீக்கிரம் பலன் தருகிறதே?

பதில்: தரும். ஆனால் பச்சையாக இட்டால் சூட்டில் வேர் கருகும். மட்க வைத்த பிறகு, குறைந்த அளவில் இடுங்கள்.

கேள்வி: காபி, மிளகுக்கும் இது பொருந்துமா?

பதில்: மூடாக்கு, மட்கு, சரிவுக் குழி மூன்றும் பொருந்தும். உர அளவு மட்டும் பயிருக்குப் பயிர் மாறும்.

கேள்வி: எத்தனை நாளில் பலன் தெரியும்?

பதில்: முதல் வருடமே காய் கூடும் என்று சொல்ல மாட்டேன். முதலில் மண்புழு வரும், பிறகு வெள்ளை வேர் பெருகும், கோடையில் செடி வாடுவது குறையும், மருந்துச் செலவும் இறங்கும். மகசூல் அதற்குப் பிறகுதான்.

தோட்டம் முழுவதையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். நூறு செடியைத் தனியே ஒதுக்கி, ஒவ்வொன்றுக்கும் அடையாளம் கட்டி, இரண்டு வருடம் மேலே சொன்னபடி செய்யுங்கள். மீதியை வழக்கம்போல் நடத்துங்கள். இரண்டுக்கும் செலவையும், எடுப்புக்கு எடுப்பு காயின் எடையையும் நோட்டில் தனித்தனியாக எழுதி வையுங்கள். இரண்டாம் வருட முடிவில் அந்தக் கணக்கைப் பார்த்து, மீதித் தோட்டத்துக்கு நீங்களே முடிவெடுங்கள்.