காயத்தை யார் எழுதுவது?

கணவனிடம் அடிபட்டு வரும் பெண்ணை மருத்துவமனையில் முதலில் பார்ப்பவர் நர்ஸ். ஆனால் சட்டம் கைகாட்டுவது வேறொருவரை. கேரள எல்லைக் கிராமங்களில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது.

குளியலறையில் வழுக்கியது, கதவு இடித்தது, மாடு முட்டியது. கணவனிடம் அடிவாங்கிய பெண்கள் மருத்துவமனையில் சொல்லும் காரணங்கள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வழுக்கி விழுந்தவரின் கழுத்தில் விரல் தடம் எப்படி வந்தது என்பது சீட்டு எழுதுபவருக்குத் தெரியாது. புண்ணைத் துடைத்துக் கட்டுப்போடும் நர்ஸுக்குத் தெரியும். ஒரே முதுகில் ஆறிய தழும்பும் புதிய ரத்தக்கட்டும் இருப்பதும், மனைவியைக் கேட்டால் கணவனே முந்திக்கொண்டு பதில் சொல்வதும் அவர் கண்ணில்தான் முதலில் படும்.

தெரிந்தபின் அவர் என்ன செய்ய வேண்டும்? குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005ல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26ல் நடைமுறைக்கு வந்த சட்டம் நர்ஸுக்கென்று தனிக் கடமை எதையும் விதிக்கவில்லை. வன்முறை நடந்ததாக நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம் என்கிறது 4ஆம் பிரிவு. நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர்மீது வழக்குப் போட முடியாது. ஆனால் அது 'தரலாம்' என்பதுதான். 'தர வேண்டும்' அல்ல.

'வேண்டும்' என்ற சொல் வருவது மருத்துவமனைப் பொறுப்பாளருக்கு. பாதிக்கப்பட்ட பெண் இந்தச் சட்டத்தின்கீழ் உதவி கேட்டால் சிகிச்சை மறுக்கக்கூடாது. முன்கூட்டியே புகார் அறிக்கை இல்லை என்பதும் மறுக்கக் காரணமாகாது. அறிக்கை இல்லையென்றால் பொறுப்பாளரே முதலாம் படிவத்தைப் பூர்த்தி செய்து உள்ளூர்ப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். பரிசோதனை அறிக்கையின் நகலை அந்தப் பெண்ணுக்கு இலவசமாகத் தர வேண்டும். இவை 17ஆம் விதி சொல்பவை. கேட்டால்தான் கிடைக்கும் உதவி இது. ஆனால் கேட்கலாம் என்பதே பல பெண்களுக்குத் தெரியாது.

சட்டம் கண்டிப்பாக இருக்கும் இடங்களும் உண்டு. பாதிக்கப்பட்டவர் 18 வயது நிறையாத பெண்ணாக இருந்து, அவர்மீது பாலியல் குற்றம் நடந்திருந்தால், 2012ன் போக்ஸோ சட்டப்படி அதை அறிந்த எவரும் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம்வரை சிறை. இதில் நர்ஸும் அடக்கம். பலாத்காரம், ஆசிட் வீச்சு ஆகியவற்றில் மருத்துவமனை உடனே முதலுதவி அளித்து போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். கணவனின் அடி உதைக்கு இப்படியொரு பொதுக் கட்டாயம் இல்லை.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியில் இதற்கு இன்னொரு முடிச்சும் விழுகிறது. 1956 நவம்பர் 1ல் விளவங்கோடு உள்ளிட்ட தாலுகாக்கள் தமிழகத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளையில் எல்லைப் பலகை இருக்கிறது. பெண் எடுப்பதற்கும் கொடுப்பதற்கும் எல்லை ஏது? தமிழகப் பக்கம் வாழ்க்கைப்பட்ட பெண் அடிபட்டால் பாறசாலையில் இருக்கும் தாய்வீட்டுக்கு வருகிறாள். காயம் பட்டது ஒரு மாநிலத்தில், கட்டுப் போடுவது இன்னொரு மாநிலத்தில். அறிக்கை திருவனந்தபுரத்துக்குப் போக வேண்டுமா, நாகர்கோவிலுக்கா?

இதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து மாஜிஸ்டிரேட்டிடமே மனு செய்யலாம். அவர் பிறப்பிக்கும் உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும் என்கிறது 27ஆம் பிரிவு. புகுந்த வீட்டை விட்டு வந்து அடைக்கலம் புகுந்த ஊரிலேயே கொடுமை வழக்கைத் தொடரலாம் என்று 2019ல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் போலீஸ் நிலையம் தகவலைப் பதிவு செய்ய வேண்டும். 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்ப இனி வழியில்லை.

எல்லையின் இரு பக்கத்துக் கணக்கும் வேறுவேறு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன மணமான பெண்கள் தமிழகத்தில் 38.1 சதவிகிதம், கேரளத்தில் 9.9. அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. நாடு முழுவதும் வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவிகிதம் பேர் யாரிடமும் உதவி கேட்கவில்லை, வாய் திறக்கவும் இல்லை. இவர்களில் பலர் சிகிச்சைக்காவது ஒருமுறை வரக்கூடும். அதனால்தான் நர்ஸின் கண் முக்கியமாகிறது.

அப்படியானால் நர்ஸுக்கும் கட்டாயம் கொண்டுவரலாமே? அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அப்படித்தான்: தாக்குதலால் ஏற்பட்ட காயத்தை மருத்துவப் பணியாளர் போலீஸுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் 2013ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கட்டாயப் புகாரைப் பரிந்துரைக்கவில்லை. போலீஸ் வரும் என்று தெரிந்தால் பெண்கள் மருத்துவமனைப் பக்கமே வரமாட்டார்கள் என்ற பயம் பலமானது. வீட்டுக்குத் திரும்பியதும் இரண்டு மடங்கு அடி விழாது என்று யார் உத்தரவாதம் தருவது?

நர்ஸுக்கும் பயம் உண்டு. அடித்தவன் பக்கத்துத் தெருக்காரனாக இருப்பான். 2023 மே மாதம் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில், சிகிச்சைக்காக போலீஸ் அழைத்துவந்த ஆள் இளம் பெண் டாக்டரைக் குத்திக் கொன்றது கேரளத்தையே உலுக்கியது. மருத்துவப் பணியாளர்களைக் காக்கும் 2012ன் சட்டத்தை அதன்பின் மாநில அரசு கடுமையாக்கியது.

கட்டாயத்துக்கும் மௌனத்துக்கும் நடுவே ஒரு வழி உண்டு. மும்பை பாந்த்ராவின் பாபா மருத்துவமனையில் 2000ல் உருவான 'திலாசா' அதைக் காட்டியது. கேரளம் 2009ல் அரசு மருத்துவமனைகளில் 'பூமிகா' மையங்களைத் தொடங்கியது. புண்ணுக்கு மருந்து, மனதுக்கு ஆலோசனை, தேவைப்பட்டால் சட்ட உதவி, எல்லாம் ஒரே கூரையின்கீழ். நர்ஸின் வேலை இதில் எளிமையானது. கணவனை வெளியே நிறுத்திவிட்டுத் தனியே கேட்பது. அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே கேஸ் ஷீட்டில் குறிப்பது. 181 எண்ணையும் முதலாம் படிவத்தையும் பற்றிச் சொல்லி, அவள் சம்மதித்தால் டாக்டரிடம் கொண்டுசெல்வது.

படிவம் போய்ச்சேர அருகில் ஆள் இருக்க வேண்டும். தாலுகா அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்க வேண்டும் என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. களியக்காவிளைக்கு இரு பக்கமும் அந்த நாற்காலிகள் நிரம்பினால் நல்லது. அதுவரை கேஸ் ஷீட்டில் தேதி போட்டு எழுதிய இரண்டு வரிகளே போதாதா என்றால், போதாதுதான். ஆனால் பல ஆண்டுகள் கழித்து வழக்கு நடக்கும்போது, அந்தப் பெண்ணுக்குச் சாட்சி சொல்ல வேறெதுவும் மிஞ்சியிருக்காமல் போகலாம்.