அக்கியும் அம்மையும் ஒரே கிருமி!

மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூரிலும் சுற்றியுள்ள மதுரைச் சீமைக் கிராமங்களிலும் அக்கி கண்டவரிடம், "வேளாரிடம் போய் எழுதிக்கொண்டு வா" என்பது பெரியவர்கள் வழக்கம். மண்பாண்டம் செய்யும் வேளார் செங்காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் பூசுவார். சிலர் சிங்க உருவமும் எழுதுவதுண்டு.

குழந்தைக்குச் சின்னம்மை போட்டிருந்தாலோ வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அக்கி வேறு, அம்மை வேறு என்பது ஊர் நம்பிக்கை.

டாக்டர்களுக்கு மட்டும் ஒரு சந்தேகம். அக்கி கண்ட தாத்தாவின் மடியில் விளையாடிய பேரனுக்கு, இரண்டு வாரத்தில் சின்னம்மை போடுகிறதே, ஏன்? ஹங்கேரி நாட்டு டாக்டர் போக்கே 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்தார்.

சந்தேகத்தைத் தீர்த்தது ஒரு சாயம்!

அதன் பெயர் ஃபுளோரசீன். 1871-ல் ஜெர்மன் விஞ்ஞானி பேயர் செய்தது. நீல ஒளி பட்டால் பச்சையாக மின்னும்.

கிருமி புகுந்தால் அதைப் பிடிக்க நம் ரத்தத்தில் ஓர் எதிர்ப்பொருள் உண்டாகிறது. பூட்டுக்கு ஏற்ற சாவி மாதிரி, தன் கிருமியைத்தான் பிடிக்கும். அந்தச் சாவியில் சாயத்தை ஒட்டிவிட்டால்? 1940-களில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் கூன்ஸ் ஒட்டிக் காட்டினார்.

1954-ல் அவரும் தாமஸ் வெல்லரும் சேர்ந்தார்கள். (போலியோக் கிருமியை வளர்த்துக் காட்டியதற்காக அதே ஆண்டு நோபல் பரிசு பெற்ற வெல்லர்தான் இவர்.) சின்னம்மைக் கிருமியையும் அக்கிக் கிருமியையும் தனித்தனியே வளர்த்தார்கள். அம்மை கண்டு தேறியவரின் ரத்த நீரை அக்கிக் கிருமியின் மேல் விட்டார்கள். அக்கி கண்டு தேறியவரின் ரத்த நீரை அம்மைக் கிருமியின் மேல் விட்டார்கள். பிறகு சாயம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், இரண்டிலும் பச்சை!

ஆக, அம்மை இறங்கினாலும் கிருமி சாவதில்லை. நரம்பு முடிச்சில் பதுங்கிக் கிடக்கிறது. வயதாகி உடம்பு தளர்ந்ததும், அந்த ஒரு நரம்பு வழியே கிளம்புகிறது. அக்கி ஒரு பக்கமாகப் பட்டை போல வருவது அதனால்தான்.

இந்தச் சாயமே பிறகு நோயைக் கண்டுபிடிக்கும் சோதனையாயிற்று. கொப்புளத்தின் அடியைச் சுரண்டிக் கண்ணாடியில் தடவ வேண்டும். மேல் நீர் மட்டும் போதாது. சில மணி நேரத்தில் பதில் கிடைத்துவிடும். இன்று பி.சி.ஆர். என்ற இன்னும் நுட்பமான சோதனை வந்திருக்கிறது.

காவி குளிர்ச்சியாக இருக்கலாம். உள்ளே இருக்கும் கிருமியை அது தொடாது. அதுவும் நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கி கண்டால் பார்வைக்கே ஆபத்து. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அசைக்ளோவிர் போன்ற மருந்தைக் கொப்புளம் கண்ட மூன்று நாளுக்குள் தொடங்கினால் நல்ல பலன் உண்டு. கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை, முன்பு சின்னம்மை வராத கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் நோயாளியின் அருகே விடக்கூடாது.